என் மெஷினில் மட்டும் தெரிந்த பக்கம்

இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்த திமிருக்குக் காரணம் ஒரு கரும்பலகை. மேற்குத் தாம்பரத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைனிங் என்ற மூன்று மாதப் படிப்புக்கு நான்தான் டீச்சர். தொண்ணூறுகளின் கடைசி அது. இந்தப் படிப்பு இந்த வட்டாரத்திலேயே இங்கு மட்டும்தான் என்று முதலாளி வாசலில் போர்டு எழுதி வைத்திருந்தார். எழுதிய அவரைவிட நான்தான் அதை அதிகமாக நம்பினேன்.

முதல் நாள் பாடம் ஃபைல் வகைகள். ஃபைலின் பெயர், அதன் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று நான்கு எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்தால் அது என்ன ஜாதி என்று தெரிந்துவிடும் என்பேன். பக்கத்துக்கு எச்.டி.எம்.எல். போட்டோவுக்கு ஜேபெக். கோட்டுப் படத்துக்கு ஜிஃப். ஸ்கேன் செய்தவுடன் வருகிற தடிமாடு மாதிரியான படத்துக்கு பிஎம்பி. எழுத்துருவுக்கு டி.டி.எஃப். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து, பலகையில் எழுதி, பிள்ளைகள் காப்பி அடித்து முடித்ததும் அழித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். ஏன் இத்தனை வகை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். எனக்கே தெரியாது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா மாடியேறி வந்தாள். அவளை எனக்கு ரயிலில்தான் பழக்கம். நான் வண்டலூரில் ஏறுவேன், அவள் பெருங்களத்தூரில் ஏறுவாள். நான் தாம்பரத்தில் இறங்கிவிட அவள் சானடோரியம் வரை போவாள். அங்கே ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற ஒரு கம்பெனியில் காலர் வைக்கும் வேலை. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அவள் கையில் எப்போதும் ஊசியோ நூலோ ஏதாவது இருக்கும். அன்றைக்கு ஒரு பழைய காலண்டர் அட்டை இருந்தது. இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். பிரித்தால் உள்ளே ஓர் ஆணின் போட்டோ.

"எங்க வூட்டுக்காரு. கம்பி கட்ற வேலைக்கு வளைகுடாவுக்குப் போனாரு. பதினாலு மாசமாச்சு டீச்சர், ஒரு கடுதாசி இல்ல, போன் இல்ல," என்றாள்.

முதல் வருடம் ஒழுங்காகக் கடிதம் வந்திருக்கிறது. பிறகு திடீரென்று நின்றுவிட்டது. அந்தக் கம்பெனியின் போனை யாரும் எடுப்பதில்லை. அனுப்பி வைத்த ஏஜெண்டின் ஆபீஸில் பூட்டு. கணவரின் அண்ணன் ஏறாத ஆபீஸ் இல்லை. எழுதாத மனு இல்லை. அலைந்து அலைந்து ஓய்ந்துபோய் அவரே கடைசியில் ஒரு நாள் குறித்திருந்தார். தை அமாவாசை வரை பார்ப்பது. அதற்குள் ஒரு தகவலும் வராவிட்டால் தம்பிக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிடுவது.

காரியம் செய்தால் அவள் தாலியைக் கழற்ற வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கிற பையன் மொட்டை அடித்துக்கொண்டு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற மனிதருக்கு அப்படிச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இருந்த ஒரே போட்டோவைப் பெரிது பண்ணி ஃபிரேம் போடுவதற்காக அண்ணன் கேட்டிருக்கிறார். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு நேரே என்னிடம் எடுத்து வந்திருக்கிறாள்.

"நெட்டுல போட்டா உலகம் பூரா தெரியும்னு சொல்லிக்கிறாங்களே. மெய்தானா?"

"உலகம் பூரா தெரியும் அக்கா," என்றேன். துளியும் தயங்கவில்லை.

அந்தப் பக்கத்தை நான் செய்த அழகை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. போட்டோவை ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து வாங்கினேன். பிஎம்பியாக வந்ததை ஜேபெக்காக மாற்றினேன். முகத்தில் நிழலும் வெளிச்சமும் உண்டு, அதற்கு ஜேபெக்தான் சரி என்று அக்காவுக்கே ஒரு சொற்பொழிவு செய்தேன். பாவம், அவள் தலையாட்டினாள். பிறகு விளம்பரம். ஒரு வரி ஆங்கிலம்கூட வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பி கட்டுகிறவர்கள் ஆங்கிலமா படிக்கப் போகிறார்கள்? கல்யாணப் பத்திரிகை அடிக்க முதலாளி வாங்கிய தமிழ் எழுத்துரு எங்கள் மெஷின்களில் இருந்தது. அதில், "கீழ்க்காணும் புகைப்படத்தில் உள்ளவரைக் குறித்துத் தகவல் அறிந்தோர்" என்று ஆரம்பித்துச் சுத்தத் தமிழில் பதினாறு வரி அடித்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் வருவதே அப்போது அதிசயம். இணைப்பு இருந்த ஒரே மெஷின் மூலையில் இருந்தது. அதில்தான் பக்கத்தைச் செய்தேன், அதிலிருந்துதான் இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்துக்கு ஏற்றினேன், ஏற்றிய பிறகு அதிலேயேதான் திறந்தும் பார்த்தேன். படம் வந்தது. தமிழ் வந்தது. அக்கா திரையில் இருந்த முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசுகிற தளங்களில் எல்லாம் எங்கள் பக்கத்தின் முகவரியை எழுதிப் போட்டேன். தினமும் மதியம் இணைப்பு போட்டு மெயில் பார்ப்பேன். ரயிலில் அக்கா என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நான் உதட்டைப் பிதுக்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நவம்பரில் ஒரே ஒரு மெயில் வந்தது. யாரோ ஒருவர், ஆங்கிலத்தில். "தயவுசெய்து தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதவும்" என்று ஒற்றை வரி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பதினாறு வரி சுத்தத் தமிழில் எழுதியவளைப் பார்த்துத் தமிழில் எழுது என்றால்? கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். தமிழனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததற்கு நான் பொறுப்பில்லை என்று காரசாரமாகப் பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அதை முதலாளியிடம் சொல்லிச் சிரித்தேன்கூட. அந்த ஆள் மறுபடி எழுதவில்லை.

மார்கழி பிறந்த பிறகு கணவரின் அண்ணன் ஒருநாள் சென்டருக்கு வந்தார். மின்சார வாரியத்தில் லைன்மேன், நெடுநெடுவென்று உயரம், அதிர்ந்து பேசாத மனிதர். தம்பி மனைவி சொன்னதை நம்பாமல் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மூலை மெஷினில் திறந்து காட்டினேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, தம்பியின் முகத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினாறு வரியையும் உதடு அசைய முழுதாகப் படித்தார்.

"சோக்கா கீதும்மா. எல்லாம் கரீட்டா எழுதிக்கிறீங்க," என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர் கேட்டார்:

"இது உலகம் பூரா தெரியுதில்ல?"

"தெரியுது சார்."

"ரெண்டு மாசமா தெரியுது. இவ்ளோ நல்லா தெரிஞ்சும் ஒருத்தனும் பதில் போடலன்னா, அதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

அக்கா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றுவரை அவளுக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ அணைந்துபோனதைப் பார்த்தேன். அடுத்த வாரம் ரயிலில் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போட்டோவை அண்ணனிடம் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னாள். தொலைந்தது கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூடுவாஞ்சேரிக்கு அனுப்பினார். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருடைய நண்பர் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல வெயில், ரோட்டில் லாரிகளின் இரைச்சல். நான்கு மெஷின், நான்கிலும் இணைப்பு. என் கைவேலையைக் காட்டலாம் என்று எங்கள் பக்கத்தின் முகவரியை அடித்தேன்.

போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம், அதன் மூலையில் சிறிய சிவப்புப் பெருக்கல் குறி. அதற்குக் கீழே பதினாறு வரிக்கு ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியும் தலையில் புள்ளி வைத்த எழுத்துகளுமாக ஒரே குப்பை.

கடைக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, வைரஸா? புது மெஷின் மேடம், மூடிடுங்க," என்று பதறினார்.

மூடவில்லை. அடுத்த மெஷினில் போய்த் திறந்தேன். அதே குப்பை. மூன்றாவது. நான்காவது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு முதுகு நனைந்துவிட்டது. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதவும் என்று ஒருவர் பணிவாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. நான் அவருக்கு எழுதிய பதிலும் வந்தது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். இரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முதல்முறையாகப் புரிந்துகொண்டேன். எச்.டி.எம்.எல். ஃபைலுக்குள் போட்டோ கிடையாது. எழுத்தின் வடிவமும் கிடையாது. இந்தப் படத்தை இந்த இடத்திலிருந்து எடுத்து வை, இந்த எழுத்தை இந்த எழுத்துருவில் காட்டு என்ற உத்தரவு மட்டும்தான் அதில் இருக்கும். படத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன் தெரியுமா? தாம்பரத்தில் மூலை மெஷினின் சி டிரைவிலிருந்து. வளைகுடாவில் ஒருவன் பக்கத்தைத் திறந்தால், அது அவனுடைய சி டிரைவில் போய்த் தேடும். அவன் மெஷினில் அக்காவின் கணவர் எப்படி இருப்பார்? எழுத்தும் அதே கதைதான். அந்தத் தமிழுக்கு அடியில் இருந்ததெல்லாம் ஆங்கிலக் குறிகள். எங்கள் டி.டி.எஃப். ஃபைல் இருக்கிற மெஷினில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். போட்டோவும் எழுத்துருவும் மருந்துக்கடை மாடியை விட்டு நகரவே இல்லை. நான் ஒரே மெஷினில் செய்து, அதே மெஷினில் பார்த்து, உலகம் பூரா தெரிகிறது என்று ஒரு பெண்ணிடமும் அவள் கணவரின் அண்ணனிடமும் சத்தியம் செய்திருந்தேன். அதை நம்பித்தான் அந்த மனிதர் தம்பி செத்துவிட்டான் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

தை அமாவாசைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாள் பெருங்களத்தூரில் அக்கா ஏறியதும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "பக்கத்தைக் கொஞ்சம் மாத்தணும் அக்கா," என்றேன்.

"இன்னாத்துக்கு? அதான் ஒண்ணும் ஆவலியே."

"நீங்களே உங்க கையால எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தைப் பார்த்தா அவருக்குத் தெரியும் இல்லையா?"

அது பாதி உண்மை. கூடுவாஞ்சேரியில் யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். எழுத்தை எழுத்தாக அனுப்பினால் எழுத்துரு வேண்டும். காகிதத்தில் எழுதியதை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் ஒரு எழுத்துருவும் வேண்டாம். எந்த மெஷினிலும் அப்படியே தெரியும். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தைக்கிற கம்பெனியில் துணியில் குறி போடுகிற கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைப் பையிலிருந்து எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி, சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள். பதினாறு வரி இல்லை, நாலே வரி.

"நான் நல்லா இருக்கேன். புள்ள மூணாவது படிக்கிறான், கணக்குல மட்டும் மக்கு. நீ எங்க இருக்கன்னு ஒரு வார்த்தை யார் கிட்டயாவது சொல்லி அனுப்பு. இவங்க தை அமாவாசைக்கு நாள் குறிச்சிட்டாங்க."

அதை ஜேபெக்காக மாற்றினால் எழுத்தைச் சுற்றி அழுக்கு படிந்த மாதிரி தெரிந்தது. ஜிஃப்பாக மாற்றினேன். பேனா இழுத்த கோடு கருகருவென்று நின்றது. கோட்டுப் படத்துக்கு ஜிஃப் என்று நான் ஒப்பித்து வந்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. போட்டோவையும் கடிதத்தையும் பக்கத்தோடு ஒரே இடத்தில் ஏற்றினேன், அங்கிருந்தே எடுக்கச் சொல்லி உத்தரவை மாற்றினேன். கடைசியில் அவர் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்தேன். அதே நாள் ரயில் பிடித்துக் கூடுவாஞ்சேரி போய், நான்கு மெஷினிலும் திறந்து பார்த்தேன். நான்கிலும் அந்த முகம் வந்தது. நவம்பரில் நான் திட்டிய மனிதருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். முகவரி போட்ட தளங்களில் எல்லாம் மறுபடி போட்டேன்.

பிறகு நாள் எண்ணுவதுதான் வேலை. பொங்கல் வந்தது, போனது. மெயில் பெட்டி காலி. வகுப்பில் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இருபத்திரண்டு பத்தாகி, பத்து ஆறாகியது. அண்ணன் புரோகிதருக்குச் சொல்லிவிட்டார் என்று அக்கா ரயிலில் சொன்னாள். பையனுக்கு வெள்ளை வேட்டி வாங்கியாகிவிட்டது. அவள் குரலில் அழுகைகூட இல்லை, அதுதான் என்னை வதைத்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, மதியம், மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் திருநெல்வேலிக்காரர் எழுதியிருந்தார். பிரிண்ட் எடுத்தேன். படித்தேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பெருங்களத்தூரில் அவள் வீட்டு வாசலில் அண்ணனின் சைக்கிள் நின்றது. அமாவாசை ஏற்பாடு பேசத்தான் வந்திருந்தார். நான் மூச்சு வாங்க நின்ற கோலத்தைப் பார்த்ததும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"உயிரோட இருக்கார் அக்கா," என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். "படிங்கம்மா. எல்லாத்தையும் படிங்க," என்றார்.

அந்தக் காகிதத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். ஆங்கில எழுத்து, அவர்கள் இருவருக்கும் படிக்க வராது. நான் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அக்கா தரையிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியைத் தாண்டினால்கூட அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதைத் தைரியம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

படித்தேன். வேலைக்கு எடுத்த கம்பெனி திவாலானதில் பாஸ்போர்ட் அவர்களிடம் மாட்டிக்கொண்டு, இடம் மாறி மாறி வேலை செய்கிறார். வலது கையில் அடிபட்டு எழுத முடியாமல் இருந்தார், இப்போது பரவாயில்லை. பாக்கிச் சம்பளம் கைக்கு வரட்டும், பிறகு வீட்டுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். டிசம்பர் முதல் வாரம் வரை எங்கள் கேம்பில் என் அறையில்தான் இருந்தார். இப்போது வேறு ஊர் கேம்புக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த ஊரின் பெயரும் போன் நம்பரும் கீழே கொடுத்திருக்கிறேன். அதற்கு அடுத்ததுதான் அந்தப் பகுதி. என் குரல் இறங்கிவிட்டது.

"இந்த முகவரியை நான் நவம்பரிலேயே ஸ்டோர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். படம் வரவில்லை. எழுத்தும் ஒன்றும் புரியவில்லை. அப்போது அவரும் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, 'இது எந்த ஊரு பாஷைப்பா' என்று கேட்டார். சிரித்துவிட்டு மூடிவிட்டோம்."

"அது நம்ம பக்கம்தான் அக்கா," என்றேன். "நான் தப்பாப் பண்ணிட்டேன். எங்க மெஷின்ல மட்டும்தான் தெரிஞ்சுது. வேற எங்கயும் தெரியல. ரெண்டு மாசமும் தெரியல. எனக்குத் தெரிஞ்சப்பக்கூட உங்க கிட்ட மறைச்சேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண் காகிதத்தில் இருந்தது.

"இன்னா கேட்டாராம்? திருப்பிச் சொல்லு."

"'இது எந்த ஊரு பாஷைப்பா'ன்னு..."

"அப்படித்தான் கேப்பாரு," என்றாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எதப் பாத்தாலும் எந்த ஊருன்னுதான் கேப்பாரு. முருங்கக்கா வாங்குனாலும் எந்த ஊருன்னு கேப்பாரு."

பதினேழு மாதத்துக்குப் பிறகு கணவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது. நான் வெட்கி மறைக்கப் பார்த்த வார்த்தை.

அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அய்யருகிட்ட சொல்லிடறேன். அமாவாசைக்கு எங்கப்பனுக்கு மட்டும் தர்ப்பணம் குடுத்துட்டு வந்துடறேன்," என்றார்.

அக்கா தலையாட்டினாள். பிறகு காகிதத்தைப் பிடித்திருந்த என் கையைத் தட்டி, "இன்னொரு தபா படி," என்றாள்.